இனிஷியல் ஒட்டிக்கொண்ட ஊர்

நர்ஸ் கதவைப் பாதி திறந்து, கையிலிருந்த தாளைப் பார்த்து, "மிஸஸ் சுப்பையா" என்று கூப்பிட்டார். நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். அங்கே சுவரும் அதில் இரண்டு மொழியில் ஒரு சுவரொட்டியும்தான் இருந்தன. மிஸஸ் சுப்பையா கோவில்பட்டியில் இருக்கிறார். வேல்ஸின் கார்மார்தனில் காலை பதினொரு மணி என்றால் அங்கே மாலை நாலரை. வாசல் தெளிக்க வாளியைத் தூக்கியிருப்பார். அவர் என் அம்மா. ஏழு மாத வயிற்றோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த நான் வெறும் சு.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் நம்மவர்கள் படும் பாட்டை நம்மவர்களுக்கே விளக்கத் தேவையில்லை. கல்யாணத்துக்கு முன்பே எடுத்த பாஸ்போர்ட் என்பதால் என் கட்டத்தில் அப்பா உட்கார்ந்துகொண்டார். என் வீட்டுக்காரர் கண்ணனின் கட்டத்தில் அவருடைய அப்பா அருணாசலம். ஆக, எங்கள் வீட்டுக்கு வரும் கரண்ட் பில், பேங்க் கடிதம், கவுன்சில் வரி எல்லாம் அருணாசலத்துக்கும் சுப்பையாவுக்கும்தான் வரும். இரண்டு கிழவர்கள் சேர்ந்து குடியிருக்கிறார்கள் என்றுதான் தபால்காரர் நினைத்திருப்பார். அந்த இருவரில் ஒருவர்கூட வேல்ஸை மேப்பில் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை.

அதுவரை இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமாகத்தான் இருந்தது. குழந்தை வரப்போகிறது என்றதும் சிரிப்பு நின்றது. பிறந்த 42 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரைப் பற்றிச் சண்டை இல்லை. அதற்குப் பின்னால் வரும் பெயர்தான் சண்டை. கண்ணன் எதிலும் காரியமாகப் பார்க்கிறவர். "எல்லாருக்கும் அருணாசலம்னு வச்சிட்டா ஏர்போர்ட்ல ஒருத்தனும் கேள்வி கேக்க மாட்டான்" என்றார். எனக்கு அது உறுத்தியது. நம் கணக்குப்படி 'அ.' என்று இனிஷியல் போட்டால் அவள் அருணாசலத்தின் மகள். அருணாசலத்தின் மகள் எனக்கு யார்? நாத்தனார். என் வயிற்றிலிருந்து என் நாத்தனாரைப் பெற்றெடுக்க எனக்குச் சம்மதமில்லை என்று சொன்னேன். கண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனாலும் தன் பேச்சை விடவில்லை.

ஒரு கோடு

பதிவு அலுவலகத்தில் குழந்தையின் பிறப்பைப் பதிந்துகொடுத்த பெண்மணிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் சங்கிலி கட்டிய கண்ணாடி. அவர் பெயர் இங்கே வேண்டாம். பதிவுத் தாளில் தலைப்புகள் இரண்டு மொழியிலும் இருந்தன. வேல்ஸின் மொழியான வேல்ஷில் பெயருக்கு 'எனு'. குடும்பப் பெயருக்கு 'கவெனு', அதாவது சேர்ந்து வரும் பெயர். எங்கள் இரண்டு பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "குழந்தைக்கு இதில் எந்தக் குடும்பப் பெயர்?" என்று கேட்டார். இரண்டுமே குடும்பப் பெயர் இல்லை, இது என் அப்பா, அது அவருடைய அப்பா, எங்கள் ஊரில் அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போடுவோம், அடுத்த தலைமுறையில் அது மாறிவிடும் என்று நான் தட்டுத்தடுமாறி விளக்கினேன். இதை எத்தனையோ கவுண்டர்களில் விளக்கியிருக்கிறேன். பரிதாபமாக ஒரு புன்னகை வரும், பிறகு "சரி, குடும்பப் பெயர் என்ன?" என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

இவர் அப்படிச் செய்யவில்லை. பேனாவை எடுத்து ஒரு துண்டுத் தாளில் தன் பிறந்த வீட்டுப் பெயரை எழுதினார்: ப்ரைஸ். முதல் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் செங்குத்தாக ஒரு கோடு போட்டார். ப் ஒரு பக்கம், ரைஸ் மறுபக்கம்.

"ரைஸ்னா ரீஸ். அது ஒரு ஆள். இந்தப் 'ப்' இருக்கே, 'அப்'ங்கிறதுல மிச்சம். அப் ரீஸ்னா ரீஸோட மகன். எங்களுக்கும் இனிஷியல் இருந்தது. ஒட்டிக்கிச்சு, அவ்வளவுதான்."

அந்தக் கோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். நான் வேலை பார்க்கும் லேபில் தினமும் ரத்த மாதிரிக் குப்பிகளின் லேபிளில் படிக்கிற பெயர்கள் ஒவ்வொன்றாக உடைய ஆரம்பித்தன. பவல் என்றால் அப் ஹவெல். பாரி என்றால் அப் ஹாரி. பியூ என்றால் அப் ஹ்யூ. ப்ரிச்சர்ட், ப்ரோபர்ட் எல்லாம் ரிச்சர்டின் மகன், ராபர்ட்டின் மகன். உயிரெழுத்துக்கு முன்னால் 'அப்' (ap) என்பது 'அப்' (ab) என்று மெலியும். அதனால் ஓவனின் மகன் போவன், ஈவனின் மகன் பெவன். எனக்குச் சம்பளம் தருகிற தேசிய மருத்துவ சேவையை 1948இல் தொடங்கிவைத்த அமைச்சர், ட்ரெடெகர் ஊர்ச் சுரங்கத் தொழிலாளி அனைரின் பெவன். நம்மூராக இருந்தால் ஈ. அனைரின்.

வேல்ஸ் என்றதும் ஊரிலிருந்து எல்லோரும் கேட்பது அந்த நீளமான ரயில் நிலையப் பெயரைத்தான். 58 எழுத்து. அது 1860களில் பயணிகளை இழுக்க வேண்டுமென்றே நீட்டி வைத்த பெயர் என்று சொன்னால் முகம் வாடிவிடும். எனக்கு ஆச்சரியம் நீளத்தில் இல்லை. ஒற்றை எழுத்தாகச் சுருங்கி இன்னொரு பெயரின் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிற இந்த 'ப்'பில்தான்.

'அப்' எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடிப் படித்தேன். மகனுக்கு வேல்ஷில் 'மாப்'. இந்த மொழியில் ஒரு சொல் இன்னொன்றின் பின்னால் நிற்கும்போது அதன் முதல் எழுத்து குழையும். பாங்கோர் என்று ஓர் ஊர்; பாங்கோருக்குப் போகிறேன் என்றால் 'வாங்கோர்' ஆகும்; பாங்கோரில் இருக்கிறேன் என்றால் 'மாங்கோர்' ஆகும். புணர்ச்சி விதியில் வல்லினம் மிகுமா மிகாதா என்று பள்ளியில் அடி வாங்கிய எனக்கே இது கொஞ்சம் அதிகப்படி. நாம் சொற்கள் சேரும் இடத்தில்தான் கை வைக்கிறோம், இவர்கள் தலையிலேயே கை வைக்கிறார்கள். அகராதியில் 'வ' பக்கத்தில் தேடிக் களைத்த பிறகுதான் சொல் 'ப' பக்கத்தில் இருப்பது தெரியும். இப்படித் தலை தேய்ந்து தேய்ந்து 'மாப்' வெறும் 'அப்' ஆனது. மகள் என்பதற்கு 'மெர்ஹ்'. அது பெயர்களுக்கு நடுவில் 'வெர்ஹ்' ஆகும். மாப், மெர்ஹ், மகன், மகள். இதை வாட்ஸப்பில் போட்டால் மாலைக்குள் வேல்ஸும் குமரிக்கண்டத்தோடு ஒட்டியிருந்தது என்று திரும்பி வரும். தயவுசெய்து யாரும் போடாதீர்கள். தற்செயல்தான். ஸ்காட்லாந்துக்காரர்களின் 'மாக்'தான் 'மாப்'புக்கு நிஜமான சொந்தக்காரர்.

பேரன் என்றால் பெயரன்

பன்னிரண்டாம் நூற்றாண்டின் கடைசியில் வேல்ஸைப் பற்றி எழுதிய ஜெரால்ட் என்ற பாதிரியார், இங்கே சாதாரணக் குடியானவன்கூட ஆறு ஏழு தலைமுறை வரைக்கும் முன்னோர் பெயரைக் கடகடவென்று ஒப்பிப்பான் என்கிறார். அது வெறும் பெருமைக்காக அல்ல. பழைய வேல்ஷ் சட்டத்தில் நிலம் மூத்தவனுக்கு மட்டும் போகாது. எல்லா மகன்களுக்கும் பங்கு உண்டு. கொலை நடந்தால் ஈட்டுப் பணத்தைக் கொன்றவனின் உறவுக்கூட்டம் பங்கு போட்டுக் கட்ட வேண்டும், செத்தவனின் உறவுக்கூட்டம் பங்கு போட்டு வாங்கிக்கொள்ளும். எத்தனையாவது சுற்று உறவு என்பது பணக் கணக்கு. அதனால் 'அப்' 'அப்' என்று தொடுத்துக்கொண்டே போகும் பெயர் ஒரு பத்திரம் மாதிரி. நம்மூரில் பங்காளிச் சண்டை நடக்கும்போது கொள்ளுத்தாத்தா பெயர் வரைக்கும் இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

நான் இருக்கும் இந்தத் தென்மேற்குப் பகுதியை ஆண்ட அரச குடும்பத்தின் வரிசை இப்படிப் போகிறது: ரீஸ் அப் டியூடர், அவர் மகன் க்ரிஃபித் அப் ரீஸ், அவர் மகன் ரீஸ் அப் க்ரிஃபித், அவர் மகன் மறுபடியும் க்ரிஃபித் அப் ரீஸ். தாத்தா பெயர் பேரனுக்கு. என் அப்பாவின் அப்பா முத்தையா. என் அண்ணனுக்கு அதே பெயர்தான் வைத்தார்கள், கூப்பிடத்தான் வேறொன்று. பெயரன்தான் பேரன் ஆனான் என்று நாம் சொல்வதை இவர்கள் எண்ணூறு தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்பே செய்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

இந்த வரிசையில் என்னை நிறுத்திவைத்தவர் க்வென்ல்லியன். முதலில் அந்தப் பெயரின் 'ல்ல்' பற்றி ஒரு வார்த்தை. ல, ள, ழ மூன்றையும் வைத்திருக்கிற திமிரோடுதான் வேல்ஸுக்கு வந்தேன். இது நாலாவது. 'ல' சொல்ல நாக்கை வைத்து, குரல் எழுப்பாமல், நாக்கின் ஓரத்தில் காற்றை மட்டும் ஊத வேண்டும். லேபில் உடன் வேலை பார்ப்பவர் எனக்கு ஒரு வாரம் டீ இடைவேளையில் சொல்லிக்கொடுத்தார். மேஜையெல்லாம் எச்சில் ஆனதுதான் மிச்சம். க்வென்ல்லியன் வடக்கு அரசர் க்ரிஃபித்தின் மகள். நான் மேலே சொன்ன முதல் க்ரிஃபித்தின் மனைவி. 1136இல் கணவன் உதவிக்குப் படை கேட்டு வடக்கே போயிருந்தபோது, இவளே படை நடத்திப் போய்க் கிட்வெல்லியில் நார்மன்களோடு மோதிச் செத்தாள். எங்கள் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம்கூட ஆகாது. கோட்டை வாசலில் அவளுக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. அப்பா பெயரும் க்ரிஃபித், புருஷன் பெயரும் க்ரிஃபித். ஆனால் அவள் பெயருக்குப் பின்னால் வரும் க்ரிஃபித் யார் என்பதில் குழப்பமே இல்லை: க்வென்ல்லியன் வெர்ஹ் க்ரிஃபித். க்ரிஃபித்தின் மகள். பழைய வேல்ஷ் வழக்கத்தில் கல்யாணம் ஆனாலும் பெண்ணுக்கு அப்பா பெயர்தான் தொடரும். நம்மூரில் தாலி ஏறுவதற்கு முன்பே, பத்திரிகையைத் திருத்தி அச்சடிக்கும்போதே, மாமியார் வீட்டில் யாராவது "இனிமே க.தானே" என்று சிரிப்பார்கள். என் 'சு.' தப்பித்தது என் கொள்கையால் அல்ல, பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கச் சோம்பல்பட்டதால். நினைவுக்கல்லுக்கு முன்னால் நின்றபோது அதற்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

குமாஸ்தாக்களின் வேலை

சங்கிலி எங்கே உறைந்தது? ஆங்கில ஆவணத்தில் ஏறியபோது. கேத்தரின் என்ற விதவை அரசியை மணந்த ஒரு வேல்ஷ்காரர் இருந்தார். ஐந்தாம் ஹென்றியின் மனைவியாக இருந்தவர் அந்த அரசி. இவர் பெயர் ஓவைன் அப் மரெதித் அப் டியூடர். ஓவைன் ஆள், மரெதித் அப்பா, டியூடர் தாத்தா. ஆங்கில ஏட்டில் ஓவன் டியூடர் என்று தாத்தா பெயர் நின்றுவிட்டது. அப்பா பெயர் நின்றிருந்தால் இங்கிலாந்தை ஆண்டது மெரெடித் வம்சம். அந்த ஓவைனின் பேரன்தான் 1485இல் கிரீடம் சூடிய ஏழாம் ஹென்றி. அவர் மகன் எட்டாம் ஹென்றி காலத்தில், 1536இல், வேல்ஸ் இங்கிலாந்தோடு சட்டப்படி இணைக்கப்பட்டது. நீதிமன்றத்தில் ஆங்கிலம் மட்டும்தான், ஆங்கிலம் பேசாதவனுக்கு அரசுப் பதவி இல்லை என்று ஆனது. தாத்தா பெயர் தப்பான கட்டத்தில் ஏறியதால் உண்டான வம்சம், வேல்ஷ் மொழியை நீதிமன்றத்துக்கு வெளியே நிறுத்தியது.

அந்தக் காலத்தில் எல்லைப் பகுதியை நிர்வகித்த பிஷப் ரோலண்ட் லீ பற்றி ஒரு கதை சொல்வார்கள். நீதிமன்றத்தில் ஜூரிகளின் பெயரைப் படிக்கப் படிக்க 'அப்' தீரவே இல்லையாம். எரிச்சலில், ஒவ்வொருவனும் கடைசிப் பெயரையோ ஊர்ப் பெயரையோ மட்டும் வைத்துக்கொள்ளட்டும் என்றாராம். தாமஸ் அப் ரிச்சர்ட் அப் ஹவெல் என்று நீண்ட ஒருவர் அன்றைக்கு மாஸ்டின் என்ற தன் ஊராகச் சுருங்கினார் என்பது கதை. நடந்ததோ இல்லையோ, அந்தப் பிஷப்பை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு விசா கவுண்டரிலும் அவர்தான் உட்கார்ந்திருக்கிறார்.

பெரிய வீட்டுக்காரர்கள் அப்போதே மாறிவிட்டார்கள். மலைக் கிராமங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரைகூட அப்பா பெயர் மாறிக்கொண்டுதான் இருந்தது. உறைந்தபோது எந்த அப்பா இருந்தாரோ அவரே பரம்பரைக்கும் அப்பா. அந்தச் சமயத்தில் எல்லா அப்பாக்களுக்கும் ஜான், வில்லியம், டேவிட், ஈவன், தாமஸ் என்று விரல் விட்டு எண்ணக்கூடிய பெயர்கள்தான். ஜானின் மகன் ஜோன்ஸ். வேடிக்கை என்னவென்றால், வேல்ஷின் பழைய நெடுங்கணக்கில் 'ஜ' எழுத்தே கிடையாது. ஜாம், ஜோக் போன்ற இரவல் சொற்களுக்காகப் பின்னால் சேர்த்தது. வேல்ஸ்காரர் என்று முத்திரை குத்துகிற பெயரையே வேல்ஷில் எழுத வழியில்லாமல் இருந்தது. 2006 நவம்பரில் கார்டிஃபில் ஓர் அரங்கில் ஜோன்ஸ்களை மட்டும் கூட்டியபோது 1,224 பேர் வந்து உலக சாதனை ஆனது. பட்டாளத்தில் இன்னும் சிக்கல். 1879இல் தென்னாப்பிரிக்காவின் ரோர்க்ஸ் டிரிஃப்ட் சண்டையில் ஒரே படைப்பிரிவில் இரண்டு ஜோன்ஸ்கள் விக்டோரியா சிலுவை என்ற வீர விருதை வாங்கினார்கள். 593 ஜோன்ஸ், 716 ஜோன்ஸ் என்று நம்பரை வைத்துத்தான் பிரித்தார்கள்.

ஊருக்குள் நம்பர் செல்லாது. அதனால் பால்கார ஜோன்ஸ், ரொட்டிக்கார ஜோன்ஸ், பண்ணை வீட்டுப் பெயரைச் சேர்த்த ஜோன்ஸ். நடுவில் ஒற்றைப் பல் மட்டும் மிச்சமிருந்த டை என்பவருக்கு 'டை சென்ட்ரல் ஈட்டிங்' என்று பெயர் வைத்த ஜோக்கை இங்கே ஆளுக்கொரு தரம் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். சென்ட்ரல் ஹீட்டிங் இல்லாமல் இந்த ஊரில் ஒரு குளிர்காலம் கழித்தவர்களுக்குச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் கூடும்.

நாட்டின் பெயரே இரவல்தானே. வேல்ஸ் என்பது பழைய ஆங்கிலத்தில் அந்நியர் என்பதற்கான சொல்லிலிருந்து வந்தது. வந்தேறியவர்கள் மண்ணில் இருந்தவர்களைப் பார்த்துச் சொன்னது. இவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது கம்ரி. ஒரே மண்ணைச் சேர்ந்தவர்கள் என்று பொருள்படும் பழைய சொல். எந்தப் பெயர் ஏட்டில் ஏறியது என்று சொல்லத் தேவையில்லை. இப்போது சிலர் ஒட்டியதைப் பிரித்துக்கொண்டு திரும்பி வருகிறார்கள். வேல்ஷ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரிக்கு 2023இல் தலைவரானவர் ரீன் அப் யொர்வெர்த். 'அப்' ஒட்டாமல் தனியாக நிற்கிறது. வேல்ஷ் பேசும் வீடுகளில் இப்படிக் குழந்தைகளுக்கு வைப்பது சாதாரணமாகிவிட்டது. 2021 கணக்கெடுப்பில் வேல்ஷ் பேசத் தெரியும் என்றவர்கள் 17.8 சதவீதம்தான், பத்து வருஷத்துக்கு முன் இருந்ததைவிடக் குறைவு. அந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்கும்போது இந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் இதையெல்லாம் நான் படித்தது பிறகு. அன்றைக்கு அந்த மேஜையில் என்னிடம் இருந்தது ஒரு துண்டுத் தாளும் ஒரு கோடும். நாமெல்லாம் இனிஷியலை ஒரு குறை மாதிரி, முழுப் பெயர் இல்லாதவர்கள் மாதிரி, கவுண்டருக்குக் கவுண்டர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு விளக்கியிருக்கிறோம். எனக்கு அப்போது நேர்மாறாகத் தோன்றியது. இனிஷியல் ஒரு தலைமுறை கூட வந்துவிட்டு இறங்கிக்கொள்கிற பெயர். குடும்பப் பெயர்தான், என்றோ ஒருநாள் ஏதோ குமாஸ்தா ஏட்டை மூடியதால் இறங்க முடியாமல் போன இனிஷியல். அருணாசலம் நல்ல மனிதர். அவரை என் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் வரைக்கும் சுமக்க வேண்டுமா? கண்ணனைப் பார்த்தேன். அவரும் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "என் பேரே போடுங்க" என்றார். "ஏர்போர்ட்ல கேட்டா பர்த் சர்டிஃபிகேட் காட்டிக்கலாம்."

அன்று ராத்திரி அப்பாவிடம் போனில் சொன்னேன். தீப்பெட்டி ஆபீஸில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். பாஸ்போர்ட் எடுக்காதவர். பேத்திக்கு அவர் பெயர் எங்கேயும் வராது என்று சொல்லச் சங்கடமாக இருந்தது. அவர் வேறொன்றைப் பிடித்துக்கொண்டார்.

"அங்க ஆஸ்பத்திரியில சுப்பையான்னா கூப்பிடுதாங்க?"

"ஆமாப்பா. மிஸஸ் சுப்பையா."

"சத்தமாவா?"

"ரூம் முழுக்கக் கேக்கும்."

கொஞ்ச நேரம் லைனில் ஒன்றும் இல்லை. பிறகு, "பிள்ளைக்கு அவங்கப்பன் பேரு போறதுதான் தாயி முறை. நீ மாத்திராத" என்றார்.

எட்டாவது வாரம் தடுப்பூசி. அதே காத்திருப்பு அறை, அதே சுவரொட்டி. வேறொரு நர்ஸ் கதவைப் பாதி திறந்து தாளைப் பார்த்து, "மிஸ் கண்ணன்" என்று கூப்பிட்டார். என் பக்கத்திலிருந்த கண்ணன் சட்டென்று எழுந்து நின்றார். அறையில் இருந்த மற்ற அம்மாக்கள் அவரைப் பார்த்தார்கள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நான் பின்னாலேயே போனேன். பழக்கதோஷத்தில் நர்ஸின் கழுத்து அட்டையைப் பார்த்தேன், எங்கே கோடு போடலாம் என்று. ஜோன்ஸ்.